தோட்டக் குளத்தில் மிதக்கும் செடிகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

குளத்தில் செடி வாடினால் கை உடனே உரப் பொட்டலத்தைத் தேடும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு செடியைத் தண்ணீரிலிருந்து முழுதாகத் தூக்கி, வெள்ளைத் தட்டு ஒன்றில் வைத்து வேரைப் பாருங்கள். மிதக்கும் செடிக்கு மண் கிடையாது. வெளிச்சமும் கரியமில வாயுவும் மேலே தாராளமாகக் கிடைக்கும். மற்ற சத்து எல்லாம் தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். அதனால் இலையில் தெரிகிற நோய்க்குப் பெரும்பாலும் காரணம் வேரிலோ தண்ணீரிலோ இருக்கும். நாம் மேலிருந்தே பார்த்துப் பழகியதால் அது கண்ணில் படுவதில்லை.

நல்ல வேர் இறகு மாதிரி அடர்த்தியாக இருக்கும். இரண்டு விரலால் நீவி விட்டால் உதிராது, கெட்ட வாடை வராது. வெங்காயத்தாமரைக்கு வேர் கருநீலமும் ஊதாவும் கலந்து இருப்பது இயல்பு. அதை அழுகல் என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம். கெட்ட வேர் கொழகொழவென்று பழுத்துக் கையோடு கழன்று வரும், சில சமயம் அழுகின முட்டை நாற்றமும் அடிக்கும்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் தீர்த்துக்கொள்வோம். காம்பு வெங்காயம் போல உப்பி, இளம் ஊதாவில் பூ விடுவது வெங்காயத்தாமரை. முட்டைக்கோஸ் விரிந்த மாதிரி, மேலே மெல்லிய ரோமத்தோடு அடுக்கடுக்காக இருப்பது ஆகாயத்தாமரை. பலர் இரண்டையும் ஆகாயத்தாமரை என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒன்றுக்குப் பொருந்துகிற வைத்தியம் மற்றதற்கு அப்படியே பொருந்தாது. இவற்றோடு அசோலா, சால்வினியா, டக்வீட் என்று விற்கும் பொட்டுப் பொட்டான செடி ஆகியவற்றையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறேன்.

வாங்கி வந்து விட்ட ஒரே வாரத்தில் இலை வெளுத்துக் கரைகிறது

இது நோயில்லை, இடமாற்ற அதிர்ச்சி. நிழலில் வளர்ந்த செடியின் இலைக்கு உச்சி வெயிலைத் தாங்கத் தெரியாது. வெயில் படும் பக்கம் மட்டும் காகிதம் போல வெளுத்து, ஓரம் காய்ந்திருந்தால் காரணம் அதுதான். முதல் ஏழு முதல் பத்து நாள் நிழல்வலைக்குக் கீழேயோ, காலை வெயில் மட்டும் விழும் மூலையிலோ விடுங்கள். வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது, கிள்ளிப் போட்டுவிடலாம். நடுவில் இருக்கும் குருத்து கெட்டியாகப் பச்சையாக இருந்தால் செடி பிழைத்துவிடும். குருத்தை மெதுவாக அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே புதைந்தால் அந்தச் செடியை எடுத்துவிடுங்கள், தண்ணீரிலேயே அழுக விட வேண்டாம்.

சாயங்காலம் ஆகாயத்தாமரை தன் இலைகளை மேலே குவித்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துச் செடி வாடுகிறது என்று பயப்படுவது உண்டு. காலையில் பாருங்கள், விரிந்திருக்கும்.

இலை மஞ்சளாகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மஞ்சள் என்பது ஒரே நோய் இல்லை. எந்த இலை மஞ்சளாகிறது, இலையில் எந்த இடம் மஞ்சளாகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

வெளிச்சுற்றில் ஒன்றிரண்டு இலை மட்டும் மஞ்சளாகி, நடுவில் புது இலை தளதளவென்று வந்துகொண்டிருந்தால் அது வயசு. விட்டுவிடுங்கள்.

வெளிச்சுற்று இலைகள் வரிசையாக மஞ்சளாகி, புது இலையும் சின்னதாக, வெளிர் பச்சையில் வந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. பழைய இலையில் இருக்கும் தழைச்சத்தைச் செடி பிடுங்கிப் புது இலைக்கு அனுப்புகிறது. அதனால்தான் மஞ்சள் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. மீனே இல்லாத குளத்திலும், புதிதாக நிரப்பிக் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும் குளத்திலும் இது சகஜம். கண்ணுக்கு அழகான தண்ணீரில் செடிக்குச் சாப்பாடு இருக்காது.

இதற்கு நேர் எதிரானது இன்னொன்று. பழைய இலை பச்சையாகவே இருக்கும், நடுவில் வரும் இளம் இலை மட்டும் மஞ்சளாகவோ ஏறக்குறைய வெள்ளையாகவோ வரும். ஒரு இலையைப் பிய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சைக் கோடாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பை ஒரு இலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளச் செடியால் முடியாது, அதனால் அடி விழுவது இளம் இலைக்கு. இங்கே தழைச்சத்து உரம் போட்டால் பலன் பாசிக்குத்தான்.

இரும்பு ஏன் குறைகிறது என்று கேட்டால், பல நேரம் தண்ணீரில் இரும்பு இல்லாமல் இல்லை, கரைந்த நிலையில் இல்லை. தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் பிஎச் அளவு 7.5-ஐத் தாண்டினால் சாதாரண இரும்பு துருவாக மாறி அடியில் படிந்துவிடும். துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் போடும் பழக்கம் பலன் தராததும் அதனால்தான். சிலேட் (chelate) வடிவில், அதாவது துருவாகிப் படியாமல் கரைந்தே இருக்கும்படி செய்து விற்கும் இரும்புதான் வேண்டும், அதிலும் ஈ.டி.டி.ஏ. வகையைவிட டி.டி.பி.ஏ. வகை காரத் தண்ணீரில் அதிகம் தாக்குப்பிடிக்கும். அளவைக் கணக்குப் போட்டுப் போடுங்கள். குளத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வந்ததை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். பொட்டலத்தில் 11 சதவீத இரும்பு என்று போட்டிருந்தால் 1000 லிட்டருக்கு 1 கிராம் பொடி போதும். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்துச் சாயங்காலம் ஊற்றுங்கள், வெயிலில் சிலேட் சிதைந்துவிடும். பத்து நாளில் புது இலை பச்சையாக வர வேண்டும். ஏற்கெனவே மஞ்சளான இலையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இலையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகளும், ஓரத்தில் மஞ்சளும் சேர்ந்து வந்தால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் இலையைத் திருப்பி, பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீன் இருக்கும் குளத்தில் யூரியாவை நேரடியாகக் கொட்டவே வேண்டாம். அது தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். எனக்குப் பிடித்த வழி தனித் தொட்டி. 20 லிட்டர் தொட்டியில் குளத்துத் தண்ணீரையே எடுத்து, தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து மூன்றும் சமமாக உள்ள கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் கரையுங்கள். செடிகளை அதில் மூன்று நாள் வைத்து, வேரை அலசிக் குளத்தில் விடுங்கள். வாரம் ஒரு தடவை சில செடிகளை இப்படி மாற்றி மாற்றி வைத்தால் மீனுக்கும் தொந்தரவில்லை, குளமும் பச்சையாகாது.

செடி சிறுத்துக்கொண்டே போகிறது, வேர் மட்டும் நீளுகிறது

வேரின் நீளம் நம்பகமான அளவுகோல். சத்துள்ள தண்ணீரில் செடி பெரிதாகவும் வேர் குட்டையாகவும் இருக்கும். சத்தில்லாத தண்ணீரில் வேர் சாப்பாடு தேடி நீண்டுகொண்டே போகும், இலை சுண்டும். உள்ளங்கை அளவு இருந்த ஆகாயத்தாமரை நாணயம் அளவுக்குச் சுருங்கி, கீழே ஒரு முழம் வேர் தொங்கினால் பட்டினி என்று அர்த்தம். மேலே சொன்ன தனித் தொட்டிதான் வைத்தியம்.

வெங்காயத்தாமரையில் காம்பு உப்பாமல் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்தால் அது வேறு கதை. நெருக்கத்தில் வளரும்போது அது அப்படித்தான் வளரும், மிதந்து நிற்கப் பக்கத்துச் செடி தாங்கிக்கொள்கிறது. இடைவெளி கிடைத்தால் புதுக் காம்பு மறுபடி உருண்டையாக வரும். ஒரு உருண்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக, ரொட்டி போல நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கும். செடியை மிதக்க வைப்பது அதுதான். நிழல் அதிகமானாலும் காம்பு நீளும்; இந்தச் செடிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும்.

தூக்கிப் பார்த்தால் வேரே இல்லை

மஞ்சளாகிறதே என்று மூன்று வாரம் இரும்பும் உரமும் மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு நாள் செடியைத் தூக்கிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது மொட்டைத் தண்டு. தங்கமீன்கள் அத்தனை வேரையும் மேய்ந்திருந்தன. வேரே இல்லாத செடிக்கு எந்த உரம் போட்டு என்ன பயன்? வேரை முதலில் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வது அன்றிலிருந்துதான்.

தங்கமீனும் கோய் மீனும் மிதக்கும் செடியின் வேரை விரும்பித் தின்னும். பெரிய கோய் முழுச் செடியையே கவிழ்த்துவிடும். மீன் நுழைய முடியாத சின்னக் கண் உள்ள வலையைக் கூடை போலத் தைத்து, மேல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வளையமாகக் கட்டி மிதக்க விடுங்கள். செடி அதற்குள் இருக்கட்டும். பாதி வேரையாவது மீன் எட்டாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் செடி தேறும். மற்றபடி மீன் கொஞ்சம் கொறிப்பதில் தவறில்லை, அதற்கும் பச்சை தேவை.

வேரின் நுனி வெட்டப்படாமல், கறுத்து நாறினால் மீனைக் குறை சொல்ல வேண்டாம். அடியில் மக்கின இலைகள் சேர்ந்து தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது. சேற்றை அள்ளி, தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள்.

நடுக்குருத்து அழுகுகிறது

நீரூற்றோ அருவியோ எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஆகாயத்தாமரையின் இலை ரோமம் தண்ணீரை உருட்டி விடத்தான் இருக்கிறது. மழை அதற்குப் பிரச்சினை இல்லை. நாள் முழுக்கக் குருத்தில் விழும் சாரல்தான் பிரச்சினை. ஓட்டமும் இந்தச் செடிகளுக்கு ஆகாது. பம்ப் தள்ளுகிற தண்ணீர் அவற்றை ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிக்கும், அடியில் சிக்கினவை அழுகும். பம்ப்பின் வாயைத் திருப்பி வைப்பது அல்லது குழாய் வளையத்துக்குள் செடிகளை நிறுத்துவது, இரண்டில் ஒன்று செய்தால் போதும். வளையத்தை ஒரு கயிற்றால் கரையோடு கட்டிவிடுங்கள்.

இலையில் புள்ளி, பிசுபிசுப்பு, கடித்த ஓட்டை

இலைக்கு அடியிலும் குருத்தின் இடுக்கிலும் கூட்டமாகக் கரும்பச்சை, பழுப்பு நிறப் பூச்சிகள் இருந்தால் அசுவினி. செடியை அரை மணி நேரம் தலைகீழாக மூழ்க வைத்து அலசினால் பெரும்பகுதி கழன்றுவிடும், மிச்சத்தை மீன் பார்த்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். இலையின் மேல் உப்புத் தூவின மாதிரி வெளிர் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் செஞ்சிலந்தி. வறண்ட காற்றில் பெருகும், அதற்கும் அலசல்தான்.

பெரிய ஓட்டைகளும் இலையில் ஒட்டின கறுப்பு எச்சமும் புழுவைக் காட்டும். பகலில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் என்பதால் இரவில் விளக்கோடு போய் கையால் பொறுக்குவது நல்லது. அசோலாவில் புழு சின்னச் செடிகளை நூலால் கட்டி அதற்குள் குடியிருக்கும். கட்டி கட்டியாகத் திரண்ட இடங்களை அள்ளி எடுத்துவிட வேண்டும்.

சோப்புத் தண்ணீரையோ வேப்பெண்ணெய்க் கரைசலையோ குளத்தின் மேல் தெளிக்காதீர்கள். செடிக்கு நல்லது செய்யப் போய் மீனின் செவுளைக் கெடுத்துவிடுவோம். தெளித்தே ஆக வேண்டுமென்றால் செடியை வெளியே எடுத்து, தெளித்து, நன்றாக அலசிய பிறகு உள்ளே விடுங்கள்.

அசோலா சிவக்கிறது

கடும் வெயில், குளிர், மணிச்சத்துக் குறைவு, இந்த மூன்றில் எதனாலும் அசோலா செந்நிறமாகும். இதில் தழைச்சத்தைத் தேடிப் பயனில்லை. அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. நிழல்வலை போட்டு ஒரு வாரம் பாருங்கள். பச்சை திரும்பினால் வெயில், திரும்பாவிட்டால் மணிச்சத்து.

தண்ணீர் பச்சையாகிறது, செடியும் வளரவில்லை

பாசியும் செடியும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுகின்றன. நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் செடி மூடினால் பாசிக்கு வெளிச்சம் குறைந்து செடியின் கை ஓங்கும். நாலு செடியை மிதக்க விட்டுத் தண்ணீர் தெளியக் காத்திருப்பதில் பயனில்லை. பாசி மருந்து வாங்குவதற்கு முன் அதில் தாமிரம் இருக்கிறதா என்று பாருங்கள். தாமிரம் மிதக்கும் செடிகளையும் நத்தைகளையும் சேர்த்தே கொல்லும். வேரில் சுற்றின இழைப்பாசியை விரலால் கோதி எடுத்தால் போதும்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறது

இதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். செடி அதிகமானால் ஆக்சிஜனும் அதிகமாகும் என்று பலர் நம்புகிறார்கள். மூழ்கி வளரும் செடிக்கு அது பொருந்தும். மிதக்கும் செடியின் இலை காற்றில் இருக்கிறது, அது விடும் ஆக்சிஜனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தண்ணீருக்கு வர வேண்டிய காற்றையும் அந்தப் பச்சைப் போர்வை தடுக்கிறது. ராத்திரி முழுக்க வேரும், அடியில் மக்கும் கழிவும், மீனும் இருக்கிற ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. விடிவதற்குச் சற்று முன் கையிருப்பு தீர்ந்துவிடும். பத்து மணிக்கு மேல் மீன் சாதாரணமாக நீந்துவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

உடனே பம்ப்பைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து விழ விடுங்கள். செடியில் மூன்றில் ஒரு பங்கை அள்ளுங்கள். மொத்தமாக அள்ள வேண்டாம். ஒரே நாளில் நிழலும் போய், சத்தை உறிஞ்சுகிற வேரும் போனால் அடுத்த வாரம் தண்ணீர் பட்டாணிச் சாறாக மாறிவிடும். அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் எடுத்து, எப்போதும் மூன்றில் ஒரு பங்கு நீர்ப்பரப்பாவது திறந்திருக்கும்படி வையுங்கள். வெங்காயத்தாமரை நல்ல வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் என்பதால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் வேலை கூடும்.

அள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரை சேம்பின் குடும்பம். உள்ளே இருக்கும் ஊசி போன்ற படிகங்களால் சிலருக்கு நன்றாக அரிக்கும். அள்ளியதை வெயிலில் முழுக்கக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். ஏரி, ஆறு, வாய்க்கால், மழைநீர் வடிகால் எதிலும் ஒரு கிளைகூடப் போகக் கூடாது. வெங்காயத்தாமரையும் சால்வினியாவும் ஏரிகளையே மூடி, மீனையும் மீனவரையும் சேர்த்து முடக்கியிருக்கின்றன. வெங்காயத்தாமரையின் விதை பல வருடம் உயிரோடு கிடக்கும். பல நாடுகளில் இவற்றை வளர்ப்பதே தடை; ஐரோப்பிய ஒன்றியம் 2016-லேயே வெங்காயத்தாமரையைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வளருங்கள்.

மீன் இருந்தும் கொசு குறையவில்லை

சாதாரணக் கொசுப்புழு மூச்சு விட மேலே வரும், மீன் பிடித்துவிடும். மான்சோனியா வகைக் கொசுவின் புழு அப்படி வராது. அது தன் மூச்சுக் குழலை ஆகாயத்தாமரை போன்ற செடிகளின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே தொங்கும். செடியை வெள்ளைத் தட்டில் வைத்து, தண்ணீர் ஊற்றி வேரை வேகமாக உதறுங்கள். புழு இருந்தால் தட்டில் நெளியும். செடிகளைக் குறைப்பதும், வாரம் ஒரு முறை வேரைக் குளத்துக்கு வெளியே அலசுவதும்தான் நிரந்தர வழி.

பூக்கவில்லை

ஆகாயத்தாமரையின் பூ இலையிடுக்கில் ஒளிந்திருக்கும் சின்னப் பூ, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வெங்காயத்தாமரை வெயிலும் வெப்பமும் கொஞ்சம் நெருக்கமும் சேர்ந்தால் பூக்கும். வளையத்தைச் சின்னதாக்கிச் செடிகளை நெருக்கிப் பாருங்கள். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் ஊர்களில் பூவை மறந்துவிட்டுச் செடியைக் காப்பாற்றுங்கள்; உறைபனி விழுவதற்கு முன் சில கன்றுகளை வெளிச்சமுள்ள அறைக்குள் தொட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாச் செடியும் இரண்டு மூன்று நாளில் ஒன்றாகக் கருகுகிறது

பூச்சியும் பட்டினியும் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. கடந்த ஒரு வாரத்தில் குளத்தில் என்ன கலந்தது என்று யோசியுங்கள். மீன் வைத்தியத்துக்கு லிட்டருக்கு 3 கிராம் உப்புப் போட்டிருந்தால் மீன் பிழைக்கும், மிதக்கும் செடி பிழைக்காது. உப்புப் போடுவதற்கு முன் செடியை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, தண்ணீரை மாற்றினால்தான் குறையும். குளோரின் கலந்த தண்ணீரை அப்படியே நிரப்பியிருந்தாலும் வேர் நுனி கருகும்.

குளம் புதிதாகக் கட்டின சிமெண்ட் குளம் என்றால் முதலில் பிஎச் பாருங்கள். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் 9-க்கும் மேலே ஏறும். மஞ்சளாகிற இளம் இலையும் கருகுகிற வேரும் அதன் விளைவு. நிரப்பி, சில நாள் விட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, பிஎச் 8-க்குக் கீழே நிலைக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதுவரை செடி வேறு தொட்டியில் இருக்கட்டும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

மூன்று பக்கெட் எடுங்கள். முதலாவதில் குளத்துத் தண்ணீர். இரண்டாவதில் குளத்துத் தண்ணீரோடு கால் பங்கு அளவில் கரையும் உரமும் ஒரு சிட்டிகை சிலேட் இரும்பும். மூன்றாவதில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த நல்ல தண்ணீரில் அதே உரமும் இரும்பும். மூன்றிலும் ஒரே அளவுள்ள செடியை விட்டு, மூன்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். பத்து நாள் கழித்துப் புது இலையையும் புது வேரையும் மட்டும் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் தேறி முதலாவது மட்டும் அப்படியே கிடந்தால் குளத்தில் சத்து இல்லை. மூன்றாவது மட்டும் தேறினால் குளத்துத் தண்ணீரிலேயே ஏதோ நஞ்சு அல்லது காரம். மூன்றுமே தேறினால் தண்ணீரில் குற்றமில்லை, வேரைத் தின்கிற மீனையோ பம்ப்பின் ஓட்டத்தையோ பாருங்கள். மூன்றுமே தேறவில்லை என்றால் வெளிச்சமோ வெப்பமோ போதவில்லை, அல்லது செடி ஏற்கெனவே குருத்துக் கெட்டது. வேறு செடியோடு, வேறு இடத்தில் மறுபடி வைத்துப் பாருங்கள்.